பூஞ்சைத் தொற்றுள்ள ஆய்வக விலங்குகளின் திசுவில் மருந்தளவை அளப்பது எப்படி?

சுண்டெலியின் மூளை ஏறக்குறைய 0.4 கிராம் எடை இருக்கும். அரைத்துக் கூழாக்கிவிட்டால் அதிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு எண்தான். மறுநாள் இன்னொரு சந்தேகம் வந்தால் அந்த விலங்கிடம் திரும்பிப் போக முடியாது. ஆகவே அந்த எண் எதைச் சொல்லப்போகிறது என்பதை விலங்குக்கு முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் கருவியில்தான் கடினம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கருவி பெரும்பாலும் சொன்னதைச் செய்கிறது. பிழைகள் அதற்கு முன்னால், கத்தரிக்கோலும் தராசும் இருக்கும் மேசையில் நுழைகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த மேசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில்: எந்த உறுப்பு, எந்த மருந்து?

கேண்டிடா அல்பிகன்ஸை வால் சிரை வழியே செலுத்தினால் சுண்டெலியில் முக்கியமாகத் தாக்கப்படுவது சிறுநீரகம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸை மூக்கு வழியே கொடுத்தால் நுரையீரல். கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்றால் மூளையைப் பார்க்காமல் இருக்க முடியாது. தொற்று எங்கே இருக்கிறதோ அந்த உறுப்பை அளக்க வேண்டும். எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கல்லீரலை மட்டும் அளந்து முடிவு சொல்வது தவறான வழி. லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த பூஞ்சை எதிர்ப்பு மருந்து) கல்லீரலிலும் மண்ணீரலிலும் மிக அதிகமாகச் சேரும். மூளையில் அதன் அளவு அதைவிட வெகு குறைவு. கல்லீரல் எண்ணைக் கொண்டு மூளையைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

மருந்தின் இயல்பைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளூகோனசோல் சிறிய மூலக்கூறு, நீரில் ஓரளவு கரையும், பிளாஸ்மா புரதங்களுடன் 12 சதவீதம் அளவுக்குத்தான் பிணையும். ஆகவே உடலெங்கும் எளிதில் பரவும். இட்ராகோனசோல் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்துடன் பிணைந்திருக்கும், கொழுப்பை நாடும். போசகோனசோலும் கொழுப்பை நாடும் மருந்துதான். செல் சவ்வுகளில் தங்கும். காஸ்போஃபங்கின் போன்ற எக்கினோகேண்டின்கள் பெரிய மூலக்கூறுகள், மூளைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் சரியாக நுழைவதில்லை. காஸ்போஃபங்கினுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஆம்போடெரிசின் பி ஒளிபட்டால் சிதையும். அதற்குப் பழுப்பு நிறக் குழாய்களும் மங்கிய வெளிச்சமும் தேவை.

விலங்கின் தேர்வும் இதோடு பின்னிக் கிடக்கிறது. சுண்டெலியின் உடல் வோரிகோனசோலை மிக வேகமாகச் சிதைத்துவிடும். தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க அந்த வேகம் கூடும். ஏழாம் நாள் திசுவில் மருந்தே இல்லை என்று கண்டு கருவியைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. கருவியில் குறையில்லை, விலங்கின் கல்லீரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. இந்த மருந்துக்குக் கினிப்பன்றியைப் பல ஆய்வகங்கள் நாடுவதற்கு இதுவே காரணம்.

எத்தனை விலங்குகள், எத்தனை நேரங்கள்?

இரத்தத்தை ஒரே விலங்கிலிருந்து சிறிது சிறிதாகப் பலமுறை எடுக்கலாம். திசுவை அப்படி எடுக்க முடியாது. ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் தனி விலங்குகள் வேண்டும். ஏழு நேரப்புள்ளிகள், ஒவ்வொன்றிலும் நான்கு விலங்குகள் என்றால் ஒரு மருந்தளவுக்கே 28 விலங்குகள். பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மூன்று கொள்கைகள், அதாவது மாற்றுவழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல், விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தோடு முடிந்துவிடுபவை அல்ல. திட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் அவற்றுக்கு வேலை உண்டு.

செலவைக் குறைக்க ஆசைப்பட்டு ஒரே ஒரு நேரப்புள்ளியில் நிறுத்திவிடாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம், திசுவில் கிராமுக்கு 2 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 0.25. பன்னிரண்டாம் மணியில் பிளாஸ்மாவில் 0.5, திசுவில் 1.5. இப்போது விகிதம் 3. ஒரே மருந்து, ஒரே உறுப்பு. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் மருந்து திசுவுக்குள் போகவில்லை என்பார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் திசுவில் குவிகிறது என்பார். திசுவுக்குள் மருந்து மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால் வரும் வேறுபாடு இது. முழு நேரத்துக்கும் செறிவு வரைகோட்டின் கீழுள்ள பரப்பைத் திசுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, அந்தப் பரப்புகளின் விகிதத்தைச் சொல்வதே நேர்மையானது.

தொற்றில்லாத விலங்குகளிலும் இரண்டு மூன்று நேரப்புள்ளிகளை வையுங்கள். அழற்சி மருந்தின் போக்கை மாற்றும். மூளையுறை அழற்சியில் இரத்த-மூளைத் தடுப்பு கசியத் தொடங்கும். கல்லீரலின் சிதைக்கும் நொதிகள் மந்தமாகும். தொற்றினால் வந்த மாற்றம் எது, மருந்தின் இயல்பு எது என்று பிரித்தறிய இந்தச் சிறு குழு போதும்.

தொற்று இருந்தும் மருந்து பெறாத கட்டுப்பாட்டுக் குழு எப்படியும் இருக்கும். அதன் உறுப்புகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அளவுத்திருத்தத்துக்கு, அதாவது தெரிந்த அளவு மருந்தைக் கலந்து கருவியின் எண்ணோடு ஒப்பிடுவதற்கு, அவற்றைவிடச் சிறந்த வெற்றுத் திசு (மருந்தில்லாத திசு) கிடைக்காது. சீழும் பூஞ்சை இழைகளும் நிறைந்த சிறுநீரகம், நலமான சிறுநீரகத்தைப் போலக் கருவியில் நடந்துகொள்வதில்லை. தனியாக வெற்று விலங்குகளைப் பலியிடும் தேவையும் இதனால் குறைகிறது.

மேசை மேல்

விலங்கை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, இதயத்திலிருந்து இரத்தத்தை எடுங்கள். ஒரு பகுதியை முழு இரத்தமாகவே உறைய வையுங்கள், மீதியைப் பிளாஸ்மாவாகப் பிரியுங்கள். முழு இரத்தம் எதற்கு என்பது கணக்கில் தெரியும்.

அடுத்து இரத்தநாளங்களைக் கழுவ வேண்டும். இடது இதயக் கீழறையில் ஊசியைச் செருகி, வலது மேலறையை வெட்டித் திறந்து, குளிர்ந்த உப்புநீரை மெதுவாகச் செலுத்துங்கள். கல்லீரல் வெளிறும் வரை, வெளிவரும் நீர் தெளியும் வரை தொடருங்கள். நுரையீரலைக் கழுவ வேண்டுமென்றால் வலது கீழறை வழியாகவும் செலுத்த வேண்டும். புதியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அழுத்தம் மிகுந்தால் நுரையீரல் நீர்கோத்து வீங்கும். அதோடு கிராம் கணக்கே குலைந்துபோகும். கழுவலை நீட்டிக்கொண்டே போவதும் ஆபத்துதான்: ஃப்ளூகோனசோல் போன்று எளிதில் நகரும் மருந்து திசுவிலிருந்தே கழுவப்பட்டுவிடலாம். நேரத்தையும் கன அளவையும் எல்லா விலங்குகளுக்கும் ஒன்றாக வையுங்கள்.

பிறகு உறுப்புகள். இங்கே மருந்து கொடுத்த வழியை நினைவில் வைத்திருக்க வேண்டும். வயிற்றறைக்குள் ஊசி போட்டிருந்தால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மேற்பரப்பிலேயே மருந்து படிந்திருக்கும். உப்புநீரில் அலசி வடிதாளில் ஒற்றாமல் எடைபோடக் கூடாது. வாய்வழிக் குழாயில் கொடுத்திருந்தால் உணவுக்குழாயும் இரைப்பையும் மற்ற உறுப்புகளைத் தொட விடாதீர்கள். குறைவான செறிவு எதிர்பார்க்கப்படும் உறுப்பை முதலில் எடுங்கள், மூளைக்குப் பிறகுதான் கல்லீரல். ஒவ்வோர் உறுப்புக்கும் கருவிகளை மாற்றுங்கள் அல்லது துடைத்துக் கழுவுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒரு முழுத் தொகுதியை இதில் இழந்திருக்கிறேன். ஃப்ளூகோனசோலின் பெரும்பகுதி சிதையாமல் சிறுநீரில் வெளியேறும். சிறுநீரகத்தை அப்படியே அரைத்தால் அதற்குள் தேங்கிய சிறுநீரும் கூழில் சேரும். எங்கள் எண்கள் ஒரே நேரப்புள்ளியில் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்டன. கருவியைப் பிரித்துப் பார்த்தோம், கரைசல்களை மாற்றினோம். ஒருவாரம் கழித்துத்தான், சில விலங்குகளின் சிறுநீரகம் மட்டும் நெடுக்காகப் பிளந்து அலசப்பட்டிருந்தது என்று குறிப்பேட்டில் கண்டோம். அந்த விலங்குகளை மீட்டெடுக்க வழியில்லை. அன்றிலிருந்து சிறுநீரகத்தைப் பிளந்து, உட்குழியை அலசி, ஒற்றி எடுப்பது எங்கள் செய்முறைத் தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஈர எடையை நான்காம் தசமம் வரை காட்டும் தராசில் உடனே குறித்துக்கொள்ளுங்கள். முழு உறுப்பின் எடையையும் எழுதுங்கள். தொற்றால் வீங்கிய நுரையீரலில் நீர் அதிகம், அதனால் கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற எண் தாழ்ந்துவிடும். ஆனால் முழு உறுப்பில் இருக்கும் மருந்து குறையாமல் இருக்கலாம். இரண்டையும் தந்தால்தான் படிப்பவருக்கு உண்மை தெரியும். எடைபோட்டதும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து −80 டிகிரி செல்சியஸில் சேமியுங்கள்.

அரைத்தல்

தொற்றுள்ள திசுவை அரைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் பறக்கும். கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ், கிரிப்டோகாக்கஸ் ஆகியவற்றுக்கு இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதியும் அதற்குரிய பாதுகாப்புப் பெட்டகமும் வேண்டும். காக்சிடியாய்டிஸ், ஹிஸ்டோபிளாஸ்மா என்றால் மூன்றாம் நிலை வசதி உள்ள இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். இதில் சமரசமே கூடாது. மூடிய குழாயில் மணிகள் போட்டு அரைக்கும் கருவி பாதுகாப்பானது. அரைத்து முடித்ததும் உடனே மூடியைத் திறக்காமல், துளிகள் அடங்கும் வரை பெட்டகத்துக்குள் வைத்திருங்கள். கரைப்பான் சேர்த்த மாதிரியை வெளியே எடுத்துப்போகும் முன், அந்தச் செய்முறை உங்கள் பூஞ்சையை உண்மையிலேயே கொல்கிறதா என்று தட்டில் வளர்த்து ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

ஒரு கிராம் திசுவுக்கு நான்கு மில்லிலிட்டர் குளிர்ந்த உப்புநீர் அல்லது நீர் என்பது வசதியான அளவு. திசுவின் அடர்த்தியை மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்று கொண்டால் மொத்தம் ஐந்து பங்கு. கருவி காட்டும் எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும். நான்கால் பெருக்கிவிடும் பிழை வியப்பூட்டும் அளவுக்குப் பரவலாக நடக்கிறது. அரைக்கும்போது குழாய் சூடாகும். முப்பது நொடி அரைத்து, பனிக்கட்டியில் வைத்து, மீண்டும் அரையுங்கள்.

அதே கூழில் பூஞ்சை எண்ணிக்கையும் பார்க்க நினைப்பீர்கள். விலங்குகளை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான், ஆனால் நீர்க்காத கூழைத் தட்டில் பரப்பினால் அதிலுள்ள மருந்தே தட்டிலும் பூஞ்சையை அடக்கும். விலங்கு குணமானதுபோலப் பொய்த் தோற்றம் கிடைக்கும். போதுமான அளவு நீர்த்துப் பரப்புங்கள். மருந்து பெறாத விலங்கின் கூழில் அதே செறிவு மருந்தைக் கலந்து, எண்ணிக்கை குறைகிறதா என்றும் சோதியுங்கள்.

மருந்தைப் பிரித்தெடுத்தல்

அசோல்களுக்கு (ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல்) செய்முறை எளிது. கூழின் ஒரு பங்குக்கு மூன்று பங்கு அசிட்டோநைட்ரைல் சேர்த்து, நன்றாகக் கலக்கி, குளிர்நிலையில் 10,000 ஜி-க்கு (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு விசை) மேல் பத்து நிமிடம் மையவிலக்கில் சுழற்றி, தெளிந்த மேல்திரவத்தை எடுங்கள். ஆம்போடெரிசினுக்குப் பெரும்பாலும் மெத்தனால் பொருந்தும்; அதன் மூலக்கரைசலை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் தயாரிக்க வேண்டும்.

பிரித்தெடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு குழாயிலும் அகத் திட்டப்பொருளை, அதாவது இடையில் நேரும் இழப்பைச் சரிக்கட்ட ஒரே அளவில் இடும் ஒப்பீட்டுப் பொருளை, சேருங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்து கிடைத்தால் அதற்கு ஈடில்லை. ஆம்போடெரிசினுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த நாட்டமைசின் நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

அளவுத்திருத்தக் கரைசல்களை அதே விலங்கின், அதே உறுப்பின் வெற்றுக் கூழில் தயாரிக்க வேண்டும். பிளாஸ்மாவில் தயாரித்த அளவுத்திருத்தக் கோட்டை வைத்து மூளையை அளக்காதீர்கள். மூளையில் உள்ள பாஸ்போலிப்பிடுகள் என்னும் கொழுப்புகள், மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறைமாலைமானியில் மருந்தின் சமிக்ஞையை அமுக்கிவிடும்.

அதைவிட நுட்பமான ஓர் இடர் இருக்கிறது. வெற்றுக் கூழில் நாம் கலக்கும் மருந்து திரவத்தில் மிதக்கிறது. விலங்கு உயிரோடு இருக்கும்போது திசுவுக்குள் சென்ற மருந்தோ சவ்விலும் செல்லுக்குள்ளும் பூஞ்சைச் சவ்வின் கொழுப்பான எர்கோஸ்டெராலிலும் பிணைந்து கிடக்கிறது. முதலாவதில் 95 சதவீதம் மீண்டது என்பதால் இரண்டாவதிலும் அப்படியே மீளும் என்று கொள்ள முடியாது. இதைச் சோதிக்கும் வழி எளிமையானது: மருந்து பெற்ற விலங்கின் கூழைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் அடிப்படிவில் புதிய கரைப்பானை ஊற்றி மீண்டும் பிரித்தெடுங்கள். பிறகு மூன்றாம் முறை. இரண்டாம் முறையிலும் கணிசமான மருந்து வந்தால் உங்கள் செய்முறை போதவில்லை. ஆம்போடெரிசினுக்கும் போசகோனசோலுக்கும் இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

கருவி

ஆம்போடெரிசின் 405 நானோமீட்டர் அருகே நன்றாக ஒளியை உறிஞ்சும். ஆகவே சாதாரண எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) கருவியும் ஒளி உணரியும் போதும். வோரிகோனசோலுக்கு 255, போசகோனசோலுக்கு 262 நானோமீட்டர் அளவில் பார்க்கலாம். ஃப்ளூகோனசோலின் உறிஞ்சல் வலுவற்றது, அதற்கு நிறைமாலைமானியே நல்லது: 307 நிறையுள்ள அயனி உடைந்து தரும் 220-ஐப் பின்தொடருங்கள். வோரிகோனசோலுக்கு 350-இலிருந்து 281.

கருவி இல்லாத இடங்களில், அகார் தட்டில் உணர்திறன் மிக்க பூஞ்சையை வளர்த்து, மாதிரியைச் சுற்றி விழும் தடை வளையத்தை அளக்கும் பழைய முறை இன்றும் பயன் தரும். ஆனால் அது மருந்தை அளப்பதில்லை, செயல்திறனை அளக்கிறது. இட்ராகோனசோல் உடலில் ஹைட்ராக்சி-இட்ராகோனசோலாக மாறும், அதுவும் பூஞ்சையைத் தடுக்கும். எனவே தட்டு காட்டும் எண் எச்பிஎல்சி எண்ணைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். இரண்டில் எதுவும் பொய்யில்லை, கேள்விகள்தான் வேறு.

செய்முறையைச் சரிபார்க்க, மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச மன்றமான ஐ.சி.ஹெச். 2022-இல் இறுதி செய்த எம்10 வழிகாட்டுதலைப் பின்பற்றுங்கள். குறைந்தது ஆறு செறிவுகள் கொண்ட கோடு, நான்கு நிலைகளில் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள், 15 சதவீதத்துக்குள் விலகல், மிகக் கீழான அளவில் மட்டும் 20 வரை. உறைந்து உருகும் சுழற்சிகளில் மருந்து தாங்குகிறதா என்பதையும் கூழிலேயே சோதியுங்கள்.

கணக்கு

0.40 கிராம் மூளை, 1.6 மில்லிலிட்டர் நீர். கூழில் கருவி மில்லிலிட்டருக்கு 0.06 மைக்ரோகிராம் காட்டுகிறது. ஐந்தால் பெருக்கினால் கிராமுக்கு 0.30 மைக்ரோகிராம். மருந்து மூளைக்குள் போய்விட்டது என்று எழுதத் தோன்றும்.

பொறுங்கள். இந்த விலங்கின் நாளங்கள் கழுவப்படவில்லை. கழுவாத மூளையில் 3 சதவீதம் இரத்தம் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அதே நேரத்தில் முழு இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதில் 3 சதவீதம் 0.30. அளந்த மருந்து முழுவதும் நாளங்களுக்குள் இருந்த இரத்தத்தினுடையது. மூளைத் திசுவில் எதுவும் இல்லை. முழு இரத்தத்தைத் தனியே உறைய வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆஸ்பர்ஜில்லஸ் தாக்கிய நுரையீரலில் இந்தத் திருத்தமும் தடுமாறும். அந்தப் பூஞ்சை நாளங்களைத் துளைத்து இரத்தக் கசிவை உண்டாக்கும். நாளத்துக்கு வெளியே உறைந்த இரத்தத்தை எந்தக் கழுவலும் அகற்றாது. அங்கே நூல் சதவீதத்தை நம்பாமல், ஒவ்வொரு கூழிலும் ஹீமோகுளோபினை அளந்து எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். அப்போதும், உறைந்த இரத்தத்தில் இருப்பது பழைய நேரத்து மருந்து என்பதால் அது தோராயமே. அறிக்கையில் அப்படியே எழுதிவிடுங்கள்.

எண்ணை வாசித்தல்

திசுவில் கிராமுக்கு 4 மைக்ரோகிராம், பூஞ்சையின் குறைந்தபட்சத் தடைச் செறிவு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம், ஆகவே மருந்து நான்கு மடங்கு போதுமானது என்ற வாக்கியத்தை எத்தனையோ வரைவுகளில் அடித்திருக்கிறேன். கூழ் என்பது செல்லின் உட்புறம், செல்களுக்கு இடையிலுள்ள நீர், சவ்வு, எல்லாம் ஒன்றாய்க் கலந்த சராசரி. பெரும்பாலான பூஞ்சைகள் செல்லுக்கு வெளியே வளர்கின்றன. மருந்தின் பெரும்பகுதியோ சவ்வுகளில் பிணைந்திருக்கலாம். பூஞ்சையைத் தொடுவது பிணையாத பகுதி மட்டுமே. கூழை, பிணையாத மருந்தை மட்டும் சவ்வு வழியே கடக்க விடும் விரைவுச் சமநிலை ஊடுபிரிப்பில் வைத்து, நீர்த்த விகிதத்துக்குத் திருத்தம் செய்து, பிணையாத பங்கைக் கணக்கிடலாம். செல்களுக்கு இடையிலுள்ள நீரையே நேரடியாக எடுக்க நுண் ஊடுபிரிப்பு ஊசி உண்டு; ஆனால் கொழுப்பை நாடும் மருந்துகள் அதன் குழாய்களிலேயே ஒட்டிக்கொள்ளும். லிப்போசோமல் ஆம்போடெரிசினில் லிப்போசோமுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் மருந்தும் உங்கள் எண்ணில் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சராசரி மறைக்கும் இன்னொன்று இடம். சீழ்க்கட்டியின் ஓரத்தில் மருந்து நிறைந்து, பூஞ்சை வாழும் நடுப்பகுதியில் ஒன்றுமில்லாமல் இருக்கக்கூடும். அரைத்தால் இரண்டும் கலந்து நடுத்தரமான எண்ணாக வரும். லேசர் கொண்டு திசுச் சீவலின் ஒவ்வொரு புள்ளியிலும் மருந்தைக் காட்டும் நிறைமாலைப் படமெடுப்பு இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. அந்த வசதி உங்களிடம் இன்று இல்லாவிட்டாலும், ஒரு குழுவிலாவது உறுப்பில் பாதியை அரைக்காமல், ஃபார்மலின் படாமல், தட்டையாக உறைய வைத்து −80 டிகிரியில் எடுத்து வையுங்கள். குழாயின் மேல் விலங்கின் எண், உறுப்பு, நேரப்புள்ளி, கழுவப்பட்டதா இல்லையா என்ற நான்கையும் உறைபனியில் அழியாத மையால் எழுதுங்கள்.